நான் வெளியே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம்

அந்த நாற்காலி வேண்டாம்மா, ஒரு கால் ஆட்டம். போன வாரம் ஒரு அப்பா அதில் சாய்ந்து உட்கார்ந்தார், செல்போனோடு சேர்ந்து தரைக்குப் போனார். இப்படி பெஞ்சுக்கு வாருங்கள். என் பையைத் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.

சேர்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்? முகத்திலேயே தெரிகிறது. இங்கே மூன்று மாதம் வந்துபோன ஒருவருக்கும் அப்படி ஒரு தெளிவான முகம் கிடையாது. பெண் குழந்தையா? நாலு வயதா? நல்லது. மிஸ் வகுப்பில் இருக்கிறாள், ஆறு மணிக்குத்தான் வெளியே வருவாள். கதவைத் தட்டாதீர்கள். தட்டினால் கோபப்பட மாட்டாள், சிரிப்பாள். அதைத்தான் தாங்க முடியாது.

இப்போது எட்டிப் பார்த்தீர்களே, கவனித்தீர்களா? ஒவ்வொரு குழந்தைக்குப் பக்கத்திலும் ஒரு அம்மாவோ அப்பாவோ. எல்லார் மடியிலும் ஒரு நோட்டு. இந்த வயலின் வகுப்பில் அதுதான் சட்டம். பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்வருகிற வேலையெல்லாம் நடக்காது. அப்படியிருக்க நான் ஒருத்தி மட்டும் ஏன் வெளியே? கேட்க வாயெடுத்தீர்கள், விழுங்கிவிட்டீர்கள். நான் விழுங்கியிருக்க மாட்டேன்.

சொல்கிறேன். முக்கால் மணி நேரம் இருக்கிறது. இடையில் பேசாமல் கேட்டால் அரை மணியில் முடித்துவிடுவேன்.

என் பெயர் கிளாடிஸ். உள்ளே ஜன்னலோரம் மஞ்சள் கவுனில் நிற்கிறாளே, அவள் ஜோவிட்டா. ஜோவி. ஆறு வயது முடியப் போகிறது. மகள்தான், பேத்தி இல்லை. நீங்கள் மனதில் கணக்குப் போடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: கல்யாணமாகிப் பதினாறாவது வருஷம் பிறந்தாள், அப்போது எனக்கு நாற்பத்தொன்று. வேளாங்கண்ணிக்கு எத்தனை தடவை நடந்தோம் என்பதெல்லாம் தனிக் கதை. அவளுக்குப் பக்கத்தில், இரும்பு அடிக்கிறவர் மாதிரி விரலை வைத்துக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என் வீட்டுக்காரர். பெர்க்மான்ஸ். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அது வந்து, இரும்பு அடிக்கிறவரேதான்.

முதல் நாள் நானும் ஜோவியும்தான் வந்தோம். மிஸ் பெயர் சாருலதா, இருபத்தேழு வயதிருக்கும். குரல் அவ்வளவு மெதுவாக வரும், நாம்தான் குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பேரண்ட் யாரும் வரலையா மேடம்?” என்றாள்.

நான் கான்வென்ட் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அந்த இங்கிலீஷை எடுத்தால் திருச்சியில் பேங்க் மேனேஜரே எழுந்து நிற்பார். இவள் நிற்கவில்லை. “ஸாரி ஆன்ட்டி” என்றாள். மேடமே தேவலை என்று இருந்தது.

அப்புறம் சொன்னாள்: “முதல் மூணு மாசம் ஜோவி வாசிக்க வேண்டாம். நீங்க வாசிங்க.”

“நானா? ஃபீஸ் கட்டறது அவளுக்கு.”

“குழந்தை பேசக் கத்துக்கறது எப்படி ஆன்ட்டி? யாராவது பாடம் எடுக்கறாங்களா? வீட்ல எல்லாரும் பேசறாங்க, அது கேட்டுக்கிட்டே கிடக்குது, ஒரு நாள் அதுவும் பேசுது. அதே மாதிரிதான் இதுவும். பாட்டு வீட்ல ஓடிக்கிட்டே இருக்கணும். நீங்க தினமும் வாசிக்கணும். அவ பார்ப்பா. ஒரு நாள் எனக்கும் வேணும்னு அவளாக் கேப்பா. அன்னிக்குத்தான் அவ கையில குடுக்கணும்.”

“கேக்கலைன்னா?”

“கேப்பா” என்று சிரித்தாள்.

ஜப்பானிலிருந்து வந்த முறையாம். அங்கே பொறுமை அதிகம் போல.

நான் பொறுமை இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். வேகமான ஆள், அவ்வளவுதான். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தேடுவதற்குள் நான் இறங்கி நடந்துவிடுவேன். யாராவது ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் முடிவு எனக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், அதை அவர்களுக்குச் சொல்லியும்விடுவேன். அது உதவிதானே?

சங்கீதத்தில் எனக்கு அனுபவம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆறு வருஷ அனுபவம். எங்கள் கான்வென்ட் பார்லரில் ஒரு பெரிய பியானோ இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைக்கிற டியூட்டி எனக்கு. ஆறாம் வகுப்பு முதல் பதினொன்று வரைக்கும் துடைத்தேன். மூடியைத் திறக்க அனுமதி கிடையாது. அந்த மூடியில் என் முகம் எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும், உள்ளே என்ன சத்தம் இருந்தது என்று தெரியாது.

ஆகவே, நாற்பத்தாறு வயதில் ஒரு பெண் என் தோளில் வயலினை வைத்து, தாடையை மெதுவாகச் சாய்த்து, “இப்ப இழுங்க ஆன்ட்டி” என்றபோது... விடுங்கள். பூனை வாலை மிதித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூனைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நிஜ வயலின். ஜோவிக்குப் பெட்டி வயலின். அது என்னவென்றால், பிஸ்கட் அட்டைப்பெட்டியில் பிரவுன் பேப்பர் ஒட்டி, ஒரு மரஸ்கேலைச் செருகியது. வில்லுக்கு ஒரு குச்சி. சத்தம் வராது. குழந்தை அதைத் தோளில் வைத்து நிற்கப் பழக வேண்டும், தலை குனிந்து வணக்கம் வைக்கப் பழக வேண்டும். சார்ட் பேப்பரில் அவளுடைய பாதத்தை வரைந்து கொடுப்பார்கள், அதன்மேல் கால் வைத்து நிற்க வேண்டும். ஒரு மாதம் அவ்வளவுதான். ஜோவி அதை எவ்வளவு ஆசையாகச் செய்தாள் தெரியுமா? காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் போய் அந்தப் பேப்பர் பாதத்தில் நிற்பாள். நான் பல்லைத் தேய்க்கச் சொல்லித் துரத்துவேன்.

எல்லாருக்கும் முதலில் ஒரே பாட்டுதான், நாலு வரி. அதன் தாளம் மனதில் நிற்பதற்கு மிஸ் ஒரு சொல் வைத்திருக்கிறாள். “கத்திரிக்கா கூட்டு, கத்திரிக்கா கூட்டு.” சொல்லிப் பாருங்கள். நாலு குட்டி அடி, இரண்டு நீள அடி. வில்லை அப்படித்தான் இழுக்க வேண்டும். வீட்டில் விடியற்காலை ஆறு மணிக்கு ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டுவிடுவேன். ராத்திரி ஜெபத்துக்கு முன்னால்தான் நிறுத்துவேன். மிஸ் சொன்னது பின்னணியில் மெதுவாகப் போடச் சொல்லி. மெதுவாகப் போட்டால் யாருக்குக் கேட்கும்? ஒரு வாரத்தில் காஸ் சிலிண்டர் போடுகிறவர் படியேறும்போது அதை விசிலடித்துக்கொண்டு வந்தார். இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, “கிளாடி, வீட்ல வேற காய் எதுவும் இல்லையா?” என்று கேட்டார்.

நான் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வாசிக்க வேண்டும் என்பது பாடம். நான்தான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லையே. ஒரு மணி ஆனது. இரண்டானது. குக்கர் விசிலை எண்ண மறந்து பருப்பு கூழானது. மூன்றாவது வரியில் ஒரு இடம் இருக்கிறது, இரண்டாவது விரல் ஒரு நூல் கீழே இறங்க வேண்டும். எனக்கு அது இறங்காது. இறங்காவிட்டால் எனக்குத் தூக்கமும் இறங்காது.

ஐந்தாவது வாரம். நான் அந்த மூன்றாவது வரியில் இருக்கிறேன். ஜோவி வந்து என் பக்கத்தில் பெட்டி வயலினோடு நின்றாள். சொன்னாள்: “அம்மா, எனக்கும் நெஜமானது வேணும்.”

பாருங்கள், அந்த ஜப்பான்காரர்கள் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. மூன்று மாதம் என்றார்கள், என் பிள்ளை ஐந்தே வாரத்தில் கேட்டுவிட்டாள்.

நான் சொன்னேன்: “இரு கண்ணு. இந்த வரியை முடிச்சுடறேன்.”

அதில் என்ன தப்பு? யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். வரி முடியவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள், அப்புறம் போய்விட்டாள். மறுநாள் வந்தாள். “இப்போ?” என்றாள். “இதோ, ரெண்டே நிமிஷம்” என்றேன். எத்தனை நாள் இப்படிப் போனது? நாலு நாள் இருக்கும். ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, பதினெட்டு நாள்.

வாரா வாரம் மிஸ் கேட்பாள்: “ஜோவி கேட்டாளா ஆன்ட்டி?” நான் சொல்வேன்: “இன்னும் இல்லை மிஸ்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்காதீர்கள். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சாமியாரே கேட்டார், நான் அடுத்த பாவத்துக்குத் தாவிவிட்டேன். கேட்டுவிட்டாள் என்று சொன்னால் மிஸ் அவள் பக்கம் திரும்பிவிடுவாள், எனக்கு அந்த இரண்டாவது விரல் இன்னும் சரியாக வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். பெரிய சதியெல்லாம் இல்லை.

மூன்றாவது தடவை நான் “இன்னும் இல்லை” என்றபோது, என் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “நான் கேட்டேன். அம்மாதான் தரலை.”

எட்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள். எல்லார் பேனாவும் நின்றது. சாருலதா மிஸ் சிரித்தாள். சொன்னேனே, தாங்க முடியாது என்று.

அடுத்த வாரமே ஜோவிக்குக் குட்டி வயலின் வந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, பொம்மை மாதிரி. இனிமேல் நான் வீட்டு டீச்சர். அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் சொல்வாள்: முதலில் ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும், அப்புறம் ஒரே ஒரு திருத்தம். ஒரே ஒன்று. இரண்டு கூடாது.

நான் சட்டத்தை மீறவே இல்லை. தினமும் நல்லதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். “ஜோவி, ரொம்ப அழகா நிக்கறே. ஆனா...” என்பேன். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் வந்ததை என் நோட்டில் எழுதியிருக்கிறேன், சிவப்பு மையில், பதினாறு பக்கம். கட்டைவிரல் என்று ஒரு பத்தி. முழங்கை, தாடை, வில்லின் சாய்வு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி. கடைசியில் ஆட்டிட்யூட் என்று ஒரு பத்தி போட்டு மார்க் கொடுத்திருக்கிறேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு. எங்கள் சிஸ்டர்கள்கூட அதை ஏழாம் வகுப்பில்தான் ஆரம்பித்தார்கள்.

குளிக்கும்போது ஜோவி பாடுவாள், சின்னதிலிருந்தே. சோப்பு, வாளி, அவள் செல்லமாக வைத்திருக்கிற பல்லி, எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு. ஒரு நாள் இவர் பேப்பரை மடக்கிவிட்டுக் கேட்டார்: “கிளாடி, பாத்ரூம்ல சத்தமே இல்லையே?”

“அவ குளிக்கப் போனா குளிக்கறா. பெரியவளாயிட்டா” என்றேன் நான், பெருமையாக.

அப்புறம்தான் கச்சேரி. கச்சேரி என்றால் பயப்படாதீர்கள், எங்கள் பங்குக் கோயில் ஹாலில் மடக்கு நாற்காலி போட்டு, குழந்தைகள், வீட்டார்கள், அவ்வளவுதான். ஒரு குழந்தை மேடையேறி வணக்கம் மட்டும் வைத்துவிட்டு இறங்கினாலும் எல்லாரும் கை தட்ட வேண்டும். நன்றாகப் பழகிய குழந்தைகள் முதல் பாட்டை வாசிக்கும், பக்கத்தில் நின்று அம்மாவோ அப்பாவோ சேர்ந்து வாசிக்க வேண்டும். அதற்கும் மிஸ் முந்தின வாரமே சொல்லி வைத்திருந்தாள்: “குழந்தை நின்னா நீங்களும் நின்னுடுங்க. அது திரும்ப எடுக்கற வரைக்கும் காத்திருங்க. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல. நமக்கு ஒண்ணும் ரயில் இல்ல.”

நான் தலையாட்டினேன். நோட்டிலும் எழுதினேன். அடிக்கோடும் போட்டேன்.

ஜோவிக்கு வெள்ளை ஃபிராக், நான் நீலப் பட்டு. மேலே போனோம். வணக்கம் வைத்தோம். ஆரம்பித்தோம். முதல் வரி, சேர்ந்தே போகிறோம். இரண்டாவது வரி. ஹாலில் மின்விசிறி ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவது வரி வந்தது. என் இரண்டாவது விரல் இறங்கிவிட்டதம்மா. ஒரு நூல். சரியாக அந்த இடத்தில். நாலு மாதமாக இறங்காதது. அந்த சத்தம் என் தாடை எலும்பு வழியாக உள்ளே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடித்தான் நாலாவது வரியை வாசித்தேன். ஒரு தப்பு இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பு இல்லை.

கை தட்டினார்கள். நான் தலை குனிந்து வணக்கம் வைத்தேன். குனிந்தபோதுதான் பக்கத்தில் தரையைப் பார்த்தேன். வெள்ளை ஷூ இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டாளாம். வயலினை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாளாம். அப்புறம் ஒரு சத்தமும் போடாமல் படியிறங்கி, அப்பா மடியில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். என்னைத் தவிர.

நான் அவளைத் திட்டவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். “பரவாயில்ல கண்ணு, அதான் அம்மா முடிச்சுட்டேன்ல?” என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் ஜோவி அந்தக் குட்டி வயலினைப் பெட்டியில் வைத்தாள், ஜிப்பை முழுக்க இழுத்து மூடினாள், இவரிடம் கொடுத்தாள். “அப்பா, இதை அம்மாவோடதுக்குப் பக்கத்துல வச்சுடு. இதுவும் அம்மாவோடதுதான்.” அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன், அழுகிற பிள்ளையைச் சமாளிக்க எனக்குத் தெரியும்.

நான் ஒரு வாரம் விட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தேன். இரண்டு வாரம் ஆனது. சாக்லேட் என்றேன், சைக்கிள் என்றேன், வேளாங்கண்ணி என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. சரி, வயலின்தானே, போனால் போகட்டும், பரதநாட்டியம் இருக்கிறது, நீச்சல் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதோடு போயிருந்தால் உங்களிடம் இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

இவர் பிறந்தநாள் வந்தது. ஒரு கார்டை மடித்து, கலர் பென்சிலைக் கொடுத்து, “அப்பாவுக்கு உன் பேரை எழுது” என்றேன். அவளுக்குத் தன் பெயர் நன்றாக எழுத வரும். ‘ஜோ’வுக்குக் கொம்பைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவாள், யானைத் தும்பிக்கை மாதிரி. பென்சிலைக் கையில் வாங்கினாள். கார்டைப் பார்த்தாள். அப்புறம் பென்சிலைத் திருப்பி என் கையிலேயே வைத்தாள்.

“நீயே எழுதிடும்மா. நீதான் நல்லா எழுதுவ.”

மரியாதையாகச் சொன்னாள். கோபமே இல்லை. கடைக்காரரிடம் மீதிச் சில்லறையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொடுத்தாள்.

நாளைக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் திருப்பிக் கொடுப்பாளா? பென்சில், புத்தகம், சைக்கிள், எல்லாமே அம்மாவுக்குத்தான் வரும், தனக்கு வராது என்று? பதினாறு வருஷம் கேட்டுப் பெற்ற பிள்ளை. அவளுக்குச் சொந்தமாக ஒன்றையும் விட்டுவைக்காமல் நான் எடுத்துக்கொண்டுவிட்டேனா?

மறுநாள் ஸ்கூலில் விட்டுவிட்டு நேரே இங்கே வந்தேன். மிஸ் தனியாக வில்லுக்கு ரோசின் பிசின் பூசிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு நாளையும் சொன்னேன். பதினாறு பக்கத்தையும் காட்டினேன். அவள் அந்த ஆட்டிட்யூட் பத்தியைக் கொஞ்ச நேரம் படித்தாள்.

“ஆன்ட்டி, நீங்க நல்லா வாசிக்கறீங்க” என்றாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. நிஜமாகவா என்று கேட்கக்கூட வாயெடுத்தேன்.

“அதனாலதான் சொல்றேன். இனிமே ஜோவிகூட நீங்க உள்ள வர வேண்டாம். வெளியே உக்காருங்க.”

“எத்தனை நாள்?”

“அவ கூப்பிடற வரைக்கும்.”

“கூப்பிடலைன்னா?”

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. “தெரியாது ஆன்ட்டி” என்றாள். “வீட்ல வேற யாரு இருக்காங்க?”

வேறு யார்? பெர்க்மான்ஸ்தான். அவர் கையை விரித்துக் காட்டினார். “மிஸ், பாருங்க இந்த விரலை. ஒண்ணு வச்சா ரெண்டு கம்பி மேல விழும். எனக்குப் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. கோயில்லகூட நான் பாடினா முன்வரிசைக்காரங்க திரும்பிப் பார்ப்பாங்க.”

“அதுதான் சார் வேணும்” என்றாளாம்.

அப்படி இவர் ஆரம்பித்தார். டூட்டி முடிந்து வந்து, லுங்கியைக் கட்டிக்கொண்டு, என்னுடைய வயலினை, ஆமாம் என்னுடையதை, தோளில் வைத்து இழுப்பார். என் பூனையெல்லாம் எவ்வளவோ மேல். இது தகரத்தை அறுக்கிற சத்தம். நான் சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவேன். இரண்டு வெங்காயம் போதுமென்றால் ஆறு நறுக்குவேன்.

நாலாவது நாள் ஜோவி அறை வாசலில் வந்து நின்றாள். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

“அப்பா, அப்படி இல்ல. கட்டைவிரலை மடிக்கணும்.”

“மடிச்சுத்தானே பாப்பா வச்சிருக்கேன்?”

“அய்யோ, அது நீட்டி இருக்கு. மக்கு அப்பா.”

“எங்க, நீ காட்டு.”

அவ்வளவுதான். பாதி வரியில் நின்றுகொண்டிருந்தார். வில்லை அப்படியே நீட்டிவிட்டார். அந்த மனிதருக்கு ஒரு வரியை முடிக்க வேண்டும் என்ற ஆசையே கிடையாது. அவள் அதை வாங்கவில்லை, ஓடிப்போய்த் தன் குட்டி வயலின் பெட்டியின் ஜிப்பைத் திறந்தாள்.

அக்கம்பக்கத்தில் எல்லாரும் சொல்கிறார்கள், பெர்க்மான்ஸ் எவ்வளவு பொறுமை, எவ்வளவு நல்ல டீச்சர் என்று. என்ன பெரிய பொறுமை? அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை, கொடுத்துவிட்டார். தெரிந்தவள் கொடுப்பதல்லவா கஷ்டம்? இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். போன வாரம் இங்கே உட்கார்ந்திருந்தவரிடமும் சொன்னேன்.

இன்றோடு பதினோரு வாரம் ஆகிறது நான் இந்தப் பெஞ்சில். என்னைக் கூப்பிடவில்லை. வீட்டில் நான் அறைக்குள் போனால் வில்லை இறக்கிவிடுகிறாள். கோபமாக இல்லை, பெரியவர்கள் வந்தால் எழுந்து இடம் விடுவார்களே, அப்படி. நானும் வெளியே வந்துவிடுகிறேன். பாத்ரூமில் மட்டும் கொஞ்சம் சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது. இன்னும் பாட்டு இல்லை, முனகல்தான்.

நான் வயலினை விட்டுவிட்டேனா என்று கேட்காதீர்கள். அவள் ஸ்கூலுக்குப் போனதும் ஜன்னலைச் சாத்திவிட்டு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும். இரண்டாவது பாடப் புத்தகத்தில் பாதி தாண்டிவிட்டேன். மிஸ்ஸுக்குத் தெரியும். இவருக்கும் தெரியும், வில் தேய்ந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். திருடிச் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது. ஆனால் ருசி குறையவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது என்னவென்றால், உங்கள் பெண்ணை இங்கே சேருங்கள், தாராளமாக... இருங்கள்.

இருங்கள், பேசாதீர்கள். இது ஜோவி. ஒவ்வொருத்தராகத் தனியாக வாசிக்க வேண்டும், இப்போது அவள் முறை. மற்றவர்கள் வில் இப்படிக் கீச்சென்று ஆரம்பிக்காது.

முதல் வரி. ம். இரண்டாவது. வில் சாய்கிறது, அவர் அதைக் கவனிப்பாரா, மாட்டார். இல்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வரி வருகிறது பாருங்கள்.

நின்றுவிட்டாள்.

ஒருத்தரும் வாசிக்கக் கூடாது. ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பெர்க்மான்ஸ், கையை மடியிலேயே வைங்க. மாதாவே. உங்கள் கையா இது? மன்னித்துக்கொள்ளுங்கள், பெஞ்சு என்று நினைத்துப் பிடித்துவிட்டேன். கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

எடுத்துவிட்டாள். தானாகவே எடுத்துவிட்டாள். தப்பு. இரண்டாவது விரல் கீழே வரணும், வரவில்லை, தப்பாகவே போகிறாள், போகட்டும், போ கண்ணு, போ. நாலாவது வரி. அப்பா. முடித்துவிட்டாள்.

தண்ணீரா? வேண்டாம்மா. ஒன்றுமில்லை. எனக்குக் கைதட்டல் சத்தம் ஒத்துக்கொள்ளாது.

அதோ, கதவு. என்ன ஜோவி? மிஸ் அனுப்பினாங்களா? நீயா வந்தியா? என்ன கேக்கற, மெதுவாச் சொல்லு.

மூணாவது வரியில தப்பு வந்துச்சான்னா?

எனக்கு எப்படிடா தெரியும்? இந்த ஆன்ட்டிகிட்டப் பேசிக்கிட்டே இருந்தேனா, ஒண்ணுமே காதுல விழலை. ஆமா, நெஜமாத்தான். நீ வாசிச்சுட்டியா? முழுசாவா?

மறுபடியுமா? எனக்காகவா?

உள்ளேயா? நான் இங்கிருந்தே கேக்கறேனே. சரி. சரி, வரேன். அப்பா எங்கே உக்காருவாரு? அவரைத் தள்ளி உக்காரச் சொல்லிட்டியா. இழுக்காதே, புடவை.

இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்களம்மா. அவள் வந்து உங்களைக் கேட்டால், நான் உங்களோடு பேசிக்கொண்டே இருந்தேன், ஒரு வரிகூடக் கேட்கவில்லை. யாராக இருந்தாலும் நம்புவார்கள், பேசிக்கொண்டேதானே இருந்தேன்?